பெயரே இல்லாத பூவை எங்கே கொண்டுபோய்க் கேட்பது? ஐநேச்சுரலிஸ்ட் பற்றி என் விமர்சனம்

செடிப் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சோதனையைத்தான் வைக்கிறார்கள். வாசலில் இருக்கிற செம்பருத்தியை ஒரு படம், பக்கத்து வீட்டு அரளியை ஒரு படம், எத்தனைக்குச் சரியாகச் சொன்னது, எத்தனை நொடியில் சொன்னது, முடிந்தது விமர்சனம். செம்பருத்தியை அடையாளம் காட்ட வீட்டிலேயே யாராவது இருப்பார்கள், அதற்கு ஒரு செயலி தேவையில்லை. செடியின் படத்தை ஏற்றினால் கணினியும் மற்ற பயனர்களும் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியை நான் வேறு ஒரு கேள்வியோடு பார்க்கிறேன்: இதுவரை உலகத்தில் யாருமே பெயர் வைக்காத ஒரு காட்டுப்பூ உங்கள் கண்ணில் பட்டு, அதைப் படம் எடுத்து இதில் ஏற்றினால் அப்புறம் என்ன நடக்கும்?

கற்பனைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் இது நடந்தது. பூங்காவின் தாவரவியல் பணிகளில் உதவும் தன்னார்வலர் டெப் மேன்லி, பூங்கா ஊழியர் ஒருவரோடு வடக்குப் பகுதியில், ஆள் நடமாட்டம் குறைவான இடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கற்களுக்கு நடுவே பஞ்சு ஒட்டியது போல ஏதோ கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் செடி. அதுவும் பூத்த செடி. சில செடிகள் ஒரு அங்குலம்கூட இல்லை, பெரியவையே இரண்டு மூன்று அங்குலம்தான். நின்றபடி பார்த்தால் தெரியவே தெரியாது, வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்தால்தான் பூவின் முகம் தெரியும். இருவருக்கும் அந்தப் பகுதிச் செடிகள் பழக்கமானவைதான், இருந்தும் இது எதுவென்று பிடிபடவில்லை. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போட்டார்கள்.

அங்கிருந்து ஒரு ஆண்டுக்குள், 2025 பிப்ரவரியில், ஃபைட்டோகீஸ் என்ற ஆய்விதழில் அந்தச் செடிக்குப் பெயர் வந்துவிட்டது: ஓவிகுலா பைரேடியாட்டா. புதிய இனம் மட்டும் என்றால் இவ்வளவு பரபரப்பு வந்திருக்காது, புதிய பூக்கும் செடிகள் உலகம் முழுவதும் ஆண்டுதோறும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இது புதிய பேரினம். அதாவது ஏற்கெனவே இருக்கும் எந்தக் கூட்டத்திலும் சேர்க்க முடியாமல், இந்த ஒரு செடிக்காகவே தனிப் பேரினம் உண்டாக்க வேண்டியிருந்தது. அமெரிக்க தேசியப் பூங்கா ஒன்றில் இப்படி நடந்து கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் ஆகின்றன. கடைசியாக 1976இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் டெடெக்கெரா என்ற புதர்ச்செடி இப்படித் தனிப் பேரினமாக வந்தது.

செடி எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் பின்னால் சொல்லப்போவது புரியும். சூரியகாந்திக் குடும்பம். நம் ஊரில் கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு என்று சொல்லும் செடியும் இதே குடும்பம்தான், கரிசலாங்கண்ணியும் இதிலேதான் வருகிறது, பார்த்தீனியமும் வருகிறது. இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறுமலர்கள் சேர்ந்த ஒரு கொத்து. நடுவில் நெருக்கமாக நிற்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள், ஓரத்தில் இதழ் மாதிரி விரிந்து நிற்பவை கதிர்ச் சிறுமலர்கள். வெட்டுக்காயப் பூண்டை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஐந்து ஆறு கதிர்கள் சுற்றி நிற்கும். ஓவிகுலாவில் இரண்டே இரண்டு, அதுவும் கருஞ்சிவப்புக் கோடு போட்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு. நடுவில் மஞ்சள். இலை முழுக்க வெள்ளைக் கம்பளி ரோமம். ரோமத்தைப் பார்த்து லத்தீனில் குட்டிச் செம்மறியாடு என்ற பொருளில் பேரினப் பெயர் வைத்தார்கள், கொம்பைப் பார்த்து கம்பளிப் பிசாசு என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். பக்கத்தில் பிசாசின் குகை என்று ஒரு இடம் வேறு இருக்கிறதாம், பொருத்தமாகப் போயிற்று. எனக்கு இந்தச் செல்லப் பெயர்தான் பிடித்திருக்கிறது, அறிவியல் பெயர் கொஞ்சம் சாதுவாக இருக்கிறது.

சரி, இதில் செயலியின் பங்கு என்ன? இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "செயற்கை நுண்ணறிவு புதிய பூவைக் கண்டுபிடித்தது" என்கிற மாதிரிப் பேச்சை நம்ப வேண்டாம், அப்படி நடக்கவே முடியாது. ஐநேச்சுரலிஸ்டில் படம் ஏற்றியதும் பெயர் பரிந்துரைக்கும் கணினி நிரல், அந்தத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் படங்களை வைத்துப் பழக்கப்பட்டது. ஒரு இனத்துக்குச் சுமார் 100 படங்களாவது சேர்ந்த பிறகுதான் அது பட்டியலுக்குள்ளேயே வரும். படமே இல்லாத, பெயரே இல்லாத செடியை அது எப்படிச் சொல்லும்? தனக்குத் தெரிந்ததில் எது கிட்டத்தட்ட இப்படி இருக்கிறதோ அதைச் சொல்லும், அவ்வளவுதான். அரிய பூவாக இருந்தால்கூட இதே கதைதான், 100 படம் சேராத இனங்கள் உலகத்தில் ஏராளம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செயலிக்குத் தயங்கத் தெரியும். படம் பழக்கமானதாக இருந்தால் "இந்தப் பேரினம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்" என்கிறது, குழப்பமாக இருந்தால் "பரிந்துரை செய்யும் அளவுக்கு உறுதி இல்லை, கிட்டத்தட்ட இவை" என்று பட்டியலைக் கீழே தள்ளிவிடுகிறது. படத்தைக் காட்டினால் போதும், அடித்துச் சொல்லிவிடும் செயலிகளும் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மனம் வராமல் ஏதோ ஒரு பக்கம் கை காட்டிவிடுகிற ஆள் மாதிரி. தெரியாத செடியைத் தேடிப் போகிறவனுக்கு அது ஆபத்து, ஏனென்றால் அந்த இடத்தில் அவனுடைய சந்தேகம் அணைந்துவிடுகிறது. சந்தேகம் அணைந்தால் புதிய இனமும் அத்தோடு போயிற்று.

ஐநேச்சுரலிஸ்டின் சரக்கு கணினிக்குப் பின்னால் இருக்கிற ஆட்கள்தான். 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் முதுகலைப் படிப்புக்காகச் செய்த வேலை இது. அப்புறம் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் கீழ் வந்தது, நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டியும் சேர்ந்தது, 2023இல் தனி லாப நோக்கமற்ற அமைப்பாகிவிட்டது. இன்றைக்கு 20 கோடிக்கும் மேல் பதிவுகள். அந்தக் கடலில் உங்கள் ஒரு படம் எப்படிச் சரியான ஆளின் கண்ணில் படும்? அதற்குத்தான் அந்த வகைப்பாட்டு ஏணி. உங்களுக்குப் பெயர் தெரியாவிட்டால் "பூக்கும் தாவரம்" என்று மட்டும் போடலாம். யாராவது வந்து "சூரியகாந்திக் குடும்பம்" என்று ஒரு படி கீழே இறக்குவார். அந்தக் குடும்பத்தையே வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் தன் வடிகட்டியில் அதைப் பார்ப்பார். அவருக்கும் தெரியாவிட்டால், அந்தத் தெரியாமைக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. சாதாரண ஆளுக்குத் தெரியவில்லை என்பது செய்தி இல்லை, பிக் பெண்ட் இருக்கும் சிஹுவாஹுவா பாலைவனத்தின் செடிகளையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை என்பது பெரிய செய்தி. ஓவிகுலா விஷயத்தில் பூங்காவின் ஆய்வாளர்கள், சல் ராஸ் மாநிலப் பல்கலைக்கழகம், கலிபோர்னியா அறிவியல் கழகம் எல்லாம் கைகோத்தது இந்தத் தெரியாமையில் இருந்துதான்.

ஃபேஸ்புக்கிலும் இது நடந்திருக்கிறது. 2012இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஒரு மலை உச்சியில் எடுத்த படத்தை ஒரு ஆர்வலர் போட, அதை ஒரு நிபுணர் தற்செயலாகப் பார்க்க, 2015இல் ட்ரோசெரா மேக்னிஃபிகா என்று பெயர் வந்தது. நம் ஊர் அழுகண்ணியின் உறவுதான், ஆனால் நம்முடையது தரையோடு தரையாகக் கிடக்கும், அது ஒன்றரை மீட்டர் வரை வளரும். அவ்வளவு பெரிய செடி! அதற்குப் பெயர் கிடைத்தது, படம் போட்ட நேரத்தில் சரியான ஆள் அந்தப் பக்கம் வந்த அதிர்ஷ்டத்தால். அடுத்த நாள் அந்தப் படம் கல்யாண ஃபோட்டோக்களுக்கு அடியில் போயிருக்கும். ஐநேச்சுரலிஸ்டில் தேதி, இடம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்படியே நிற்கும், ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து தேடினாலும் கிடைக்கும். காசு கேட்காத ஒரு சேவையில் எனக்கு இது பெரிய விஷயம்.

இனி குறைகள். பதிவு "ஆய்வுத் தரம்" பெற என்ன வேண்டும் என்று பாருங்கள்: தேதி, இடம், படம், காட்டில் தானாக வளர்ந்தது என்ற உறுதி, இவற்றோடு அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டே பேர் போதும் என்பதுதான் நடைமுறை. கணினி சொன்ன பெயரை ஒருவர் அப்படியே ஏற்றிவிட்டு, இன்னொருவர் நட்புக்காக "ஒப்புக்கொள்கிறேன்" அமுக்கினால் முத்திரை விழுந்துவிடும். முத்திரை விழுந்த பதிவை நிபுணர் பார்ப்பது குறைவு, ஏனென்றால் அவர் "அடையாளம் தேவை" என்ற வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆக ஒரு புதிய இனம் பழைய இனத்தின் பெயரில் பத்திரமாகப் புதைந்து கிடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: "இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று ஒரு குறி போடும் வசதி. மங்கலான படங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் தெளிவான படத்துக்கு யாராவது அவசரப்பட்டு அதைப் போட்டால், தேட வேண்டிய செடி தேடும் வரிசையை விட்டே போய்விடும். உங்கள் பதிவில் இப்படி யாராவது குறி போட்டால் நீங்கள் எதிர் ஓட்டுப் போடலாம், போடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஓட்டை இடம் பற்றியது. அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனங்களுக்குத் தளம் தானாகவே இடத்தை மறைக்கும், 0.2 டிகிரி கட்டத்துக்குள், அதாவது ஒரு பக்கம் சுமார் 20 கிலோமீட்டர் இருக்கும் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரே இல்லாத இனம் எந்தப் பட்டியலில் இருக்கும்? மிகவும் பாதுகாக்க வேண்டிய செடிதான், மிகத் துல்லியமான இடத்தோடு, உலகத்துக்கே திறந்து கிடக்கும். ஓவிகுலாவைப் பூங்காவின் வடகோடியில் குறுகலான மூன்று இடங்களில்தான் பார்த்திருக்கிறார்கள். மழை பெய்தால் சட்டென்று முளைத்துப் பூத்து முடிந்துவிடும் செடி, வறட்சி கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கவலை ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேகரிப்பாளர்களும் சேர்ந்தால்? தென்னாப்பிரிக்காவில் கோனோஃபிட்டம் என்ற குட்டிச் சதைச்செடிகளைப் பாறை இடுக்கில் இருந்து கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் கடத்துவது நடந்துகொண்டே இருக்கிறது, சின்னச் செடியை யார் திருடப் போகிறார்கள் என்று சும்மா இருக்க முடியாது. எனவே என்ன செடி என்று தெரியாத, வித்தியாசமான ஒன்றை ஏற்றும்போது "மறைக்கப்பட்டது" என்ற இட அமைப்பை நீங்களே தேர்ந்தெடுங்கள். நம்பகமான ஆய்வாளர் கேட்டால் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இதைச் செயலி தானாகவே ஒரு வார்த்தை கேட்கலாம், "உறுதி இல்லை" என்று அதுவே சொல்லும் இடத்தில் "இடத்தை மறைக்கட்டுமா" என்றும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் படம். பூவை நேராக மேலே இருந்து ஒரே ஒரு அழகான படம், பின்னணி மங்கலாக, ஃபிரேம் போட்டு மாட்டுகிற மாதிரி. இதை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பதிவில் பல படங்கள் ஏற்றும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். செடி முழுதாக நிற்கும் படம், இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூவின் பின்பக்கம், சூரியகாந்திக் குடும்பம் என்றால் பூவைத் தாங்கும் பூவடிச் செதில்கள், காய்த்திருந்தால் காய், அளவு தெரிய ஒரு ஸ்கேல். பக்கத்தில் விரலை வைத்தாலும் சரி. கைலென்ஸ் ஒன்று இருந்தால் அதை மொபைல் கேமராவின் மேல் பிடித்து ரோமத்தையும் சுரப்பிகளையும் எடுக்கலாம், பத்து மடங்கு போதும். ஓவிகுலாவின் ரோமம்தான் அதன் பெயரே என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு பருவத்துப் படமும் சில செடிகளுக்குப் போதாது. மகாராஷ்டிரத்தில் தளேகாவ் தாபாடே பக்கத்துப் புல்வெளிகளில் இருந்து 2024இல் டிக்ளிப்டெரா பாலிமார்ஃபா என்ற செடியைப் புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மழைக்காலம் முடிந்து ஒரு முறை பூக்கும், கோடையில் புல்வெளியில் தீ வைத்த பிறகு கட்டைப்பட்ட வேரிலிருந்து குட்டையாகத் துளிர்த்து இன்னொரு முறை பூக்கும். இரண்டு நேரத்திலும் பார்க்க வேறு வேறு ஆள். தொடர்ந்து போய்ப் பார்த்ததால்தான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. ஐநேச்சுரலிஸ்டில் தேதி மாறினால் தனிப் பதிவாகத்தான் போட வேண்டும், எனவே குறிப்புப் பெட்டியில் முந்தைய பதிவின் இணைப்பை ஒட்டிவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்து, நிபுணர்களும் கை விரித்துவிட்டார்கள் என்று வையுங்கள். புதிய இனம் ஆகிவிட்டதா? இல்லை. செயலியின் எல்லை அங்கே முடிகிறது, அதைச் செயலியின் குறை என்றும் சொல்ல முடியாது. பூக்கும் செடியின் புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் அந்தச் செடியை அழுத்திக் காயவைத்து ஏதாவது ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், வைத்திருக்க வேண்டும், அதைத்தான் அந்தப் பெயரின் மூல மாதிரியாகக் குறிப்பார்கள். வெறும் படம் போதாது. வேறு எந்த இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ முறையாக வெளியாக வேண்டும். 2012க்கு முன் லத்தீன் கட்டாயம், இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஓவிகுலாவுக்கு டிஎன்ஏ ஒப்பீடும் செய்தார்கள், ஹெர்பேரிய மாதிரிகளையும் பழைய நூல்களையும் புரட்டிப் பார்த்து எதுவும் பொருந்தவில்லை என்று உறுதி செய்தார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? படம் எடுத்துப் போட்ட அதே தன்னார்வலர் டெப் மேன்லிதான். இதை நான் மிகவும் மதிக்கிறேன். கண்டவருக்கு ஒரு நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் பெயரைத் தாங்கள் எடுத்துக்கொள்வது எளிது, இவர்கள் அப்படிச் செய்யவில்லை.

நம் பக்கம் இது எப்படி? சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சுற்றுகிறவர்கள் நிறைய ஏற்றுகிறார்கள், ஆனால் உட்கார்ந்து அடையாளம் சொல்லும் ஆட்கள் அந்த அளவுக்கு இல்லை. பட்டாம்பூச்சிக்கும் பறவைக்கும் உடனே பதில் வரும், கோரைக்கும் புல்லுக்கும் வருடக்கணக்கில் ஆகலாம். இதற்கு இந்தியப் பல்லுயிர் வலைவாசலிலும் இணையாகப் போட்டுவைப்பது உதவும். உண்மையிலேயே வித்தியாசமான ஒன்று கிடைத்தால் தயவுசெய்து நீங்களே பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். கோவையில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம், திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்று கதவு தட்ட இடங்கள் இருக்கின்றன. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இன்படி புதிய இனத்தைக் கண்டால் அதற்கென்று குறிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். பதிவின் இணைப்பை அனுப்பிவிட்டுப் பேசுங்கள், "ஐயா, ஒரு பூ பார்த்தேன்" என்று வாயால் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சின்ன விஷயங்கள் சில. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. பதிவுக்கும் படங்களுக்குமான உரிமம் இயல்பாகவே வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதி தருவதாக இருக்கும், பதிவின் உரிமத்தை முழுக்கப் பூட்டிவிட்டால் உங்கள் பதிவு உலகப் பல்லுயிர்த் தரவுத் தொகுப்புக்குப் போகாது என்பதை நினைவில் வையுங்கள். தமிழ்ப் பெயர்களையும் நாமே சேர்க்கலாம், நிறைய விடுபட்டிருக்கின்றன. மதிப்பெண் கேட்டால் 5க்கு 4 தருவேன், போன ஒன்று அந்த இட மறைப்பு விஷயத்துக்காக.

குழந்தைகள் கையில் கொடுக்க இதே அமைப்பின் சீக் என்ற செயலி இருக்கிறது, கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கேமராவை நீட்டினால் நேரடியாகச் சொல்லும், பதக்கமெல்லாம் கொடுக்கும். ஆனால் அது பதிவைத் தானாகத் தளத்தில் ஏற்றாது. சீக் குடும்பப் பெயரோடு நின்று, எவ்வளவு கோணம் மாற்றினாலும் கீழே இறங்க மறுக்கிறது என்றால், பிள்ளை கையிலிருந்து மொபைலை வாங்கி, அதே பூவை அடிப்பக்கமும் சேர்த்து நாலு படம் எடுத்து, இடத்தை மறைத்து, ஐநேச்சுரலிஸ்டில் போடுங்கள்.